முதுகில் சைக்கிள்! மறைவில் நம்பர்!

கார் கேரியர் வாங்குவோர் பின்னால் வருபவரை மறக்கலாமா?

சென்னை:

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணி. கிழக்கு கடற்கரை சாலை. வானம் இன்னும் வெளுக்கவில்லை.

திருவான்மியூர் தாண்டி ஒரு கார் போகிறது. அதன் முதுகில் இரண்டு சைக்கிள்கள். ஒன்றின் சக்கரம் இடது பக்க விளக்கை மறைக்கிறது. இன்னொன்றின் பெடல் நம்பர் பிளேட்டுக்கு நேராகத் தொங்குகிறது. 'டி.என்.' என்பது மட்டும் தெரிகிறது. மிச்சம் தெரியவில்லை.

பின்னாலேயே ஒரு மொபெட். ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு வாட்ச்மேன். தூக்கமில்லாமல் கண் எரிகிறது. முன்னால் போகும் கார் பிரேக் போடுகிறதா என்று தெரிய அவருக்கு இருக்கும் ஒரே அடையாளம் சிவப்பு விளக்குதான். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவதோ சைக்கிள் டயர்!

இது என்றோ ஒரு நாள் நடப்பது அல்ல. சனி, ஞாயிறு விடிந்தால் மாமல்லபுரம் போகும் இந்தச் சாலையில் பார்க்கக்கூடிய காட்சிதான்.

கார் வைத்திருப்பவர்கள் சைக்கிள் ஓட்டுவது நல்ல விஷயம். உடம்புக்கு நல்லது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அதை யாரும் குறை சொல்லவில்லை.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தச் சைக்கிளை ஏற்றிச் செல்லும் கேரியரை வாங்கும்போது யாரை நினைத்து வாங்குகிறார்கள்? தன் காரை மட்டும் நினைத்தா? பின்னால் வருகிறவரையும் நினைத்தா?

மேலே இருந்தது கீழே வந்தது!

1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கிய காலத்தில் சைக்கிள்தான் குடும்பத்தின் வாகனம். அரிசி மூட்டையும் அதில்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அதில்தான். மண்ணெண்ணெய் டின்னும் அதில்தான். சைக்கிள் சுமந்ததே தவிர, சைக்கிளை யாரும் சுமக்கவில்லை.

வெளியூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் பஸ்ஸின் மேலே ஏற்றுவார்கள். கிளீனர் பையன் ஏணியில் ஏறி, வாழைத்தார் பக்கத்தில் சைக்கிளைப் படுக்கப் போட்டுக் கயிறு கட்டுவான். அம்பாசடர் காரிலும் மேல் கேரியர்தான். மேலே கட்டினால் விளக்கு மறையாது. நம்பர் மறையாது. தூக்கி ஏற்ற ஆள் மட்டும் வேண்டும்.

இப்போது அது ஏன் பின்பக்கம் வந்தது? காரணம் இருக்கிறது.

மேலே ஏற்ற வேண்டுமானால் தலைக்கு மேல் தூக்க வேண்டும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சிரமம். இன்னொன்று, அடுக்குமாடி வீடுகளின் அண்டர்கிரவுண்டு பார்க்கிங். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து உள்ளே விட்டால், உத்தரத்தில் இடித்து சைக்கிளும் போகும், காரின் கூரையும் போகும். பின்பக்கம் மாட்டினால் இடுப்பு உயரம் தூக்கினால் போதும்.

சௌகரியம் காருக்குள் இருப்பவருக்கு. சங்கடம் பின்னால் வருபவருக்கு. இங்கேதான் யோசனை வேண்டும்.

"எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார்!"

கார் சாமான் என்றால் சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. சீட் கவர் முதல் ஹாரன் வரை கிடைக்கும் இடம். இந்த மாதிரிக் கடைகளில் கேரியர் வாங்க வருகிறவர் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விகள்.

"நம்ம வண்டிக்குச் செட் ஆகுமா? பெயிண்ட் போகாதுல்ல?"

கடைக்காரர் பதிலும் தயாராக இருக்கும்.

"எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார். பெல்ட்டை இழுத்து மாட்டினா அவ்ளோதான்!"

விலை பேசுவார்கள். பில் போடுவார்கள். 'இதை மாட்டினால் பின் விளக்கு தெரியுமா? நம்பர் தெரியுமா?' என்ற கேள்வி மட்டும் இரண்டு பக்கமும் வராது.

'எல்லா வண்டிக்கும்' என்று யாராவது சொன்னாலே உஷாராகிவிட வேண்டும். காருக்குக் கார் பின்கதவு வேறு. விளக்கு இருக்கும் உயரம் வேறு. நம்பர் பிளேட் இருக்கும் இடம் வேறு. கேரியர் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

பின்பக்கம் மாட்டும் கேரியர்களில் பெரும்பாலும் மூன்று வகை. ஒவ்வொன்றிலும் ஒரு நல்லது, ஒரு கெட்டது.

முதல் வகை: பெல்ட் கேரியர்

விலை குறைவு. மடித்து வீட்டுப் பரணில் போட்டுவிடலாம். டிக்கியின் விளிம்பில் கொக்கிகளை மாட்டி, நைலான் பெல்ட்டுகளை இழுத்துக் கட்ட வேண்டும். மேலே இரண்டு, கீழே இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என ஆறு பெல்ட் இருந்தால் நல்லது. பக்கவாட்டு பெல்ட் இல்லாத கேரியர், வளைவில் திரும்பும்போது தாயக்கட்டை மாதிரி உருளும்.

கொக்கி தகரத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது. பல சின்ன கார்களில் பின்கதவின் உச்சியில் அழகுக்காக வைத்திருக்கும் ஸ்பாய்லர் வெறும் பிளாஸ்டிக். அதில் கொக்கியை மாட்டினால் ஒரு ஸ்பீடு பிரேக்கர் போதும். ஸ்பாய்லர் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம்!

நைலான் பெல்ட் வண்டி ஓட ஓடத் தளரும். மழையில் நனைந்தால் இன்னும் தளரும். வெயிலில் கிடந்தால் நூல் நூலாக இற்றுப்போகும். கடற்கரைப் பக்கமே ஓடும் வண்டி என்றால் கொக்கியில் உப்புக்காற்றில் துரு ஏறும். ஆகவே புறப்பட்டு 10 கிலோமீட்டர் போனதும், டீக்கடை ஓரம் நிறுத்தி ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்க்க வேண்டும். டீ குடிக்கும் நேரத்தில் முடிகிற வேலை.

விளக்கையும் நம்பரையும் மறைப்பதில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆசாமியும் இந்த வகைதான். கம்பி தாழ்வாக இருக்கும் மாடலில் சைக்கிள் அப்படியே நம்பர் பிளேட் மேல் வந்து தொங்கும். கம்பி உயரமாக நிற்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் பாதித் தொல்லை தீரும்.

இரண்டாம் வகை: ஸ்டெப்னி கேரியர்

தார், பொலேரோ மாதிரி பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் ஜீப் வகை வண்டிகளுக்கு இது. ஸ்டெப்னியையே பிடித்துக்கொண்டு நிற்கும். பெல்ட் கேரியரைவிட உறுதி. சைக்கிளும் உயரத்தில் நிற்பதால் விளக்கு தெரிய வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஸ்டெப்னியின் எடையோடு சைக்கிளின் எடையும் சேர்ந்து பின்கதவின் கீல் மேல் விழுகிறது. ஒரு சைக்கிள் சரி, இரண்டும் பரவாயில்லை. மூன்றாவதை மாட்டுவதற்கு முன் கேரியரில் எழுதியிருக்கும் எடையைப் படிக்க வேண்டும்.

எடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரேஸ் சைக்கிள் என்றால் 8, 10 கிலோ. கியர் வைத்த மலைச் சைக்கிள் 13 முதல் 16 கிலோ. அப்பா காலத்து இரும்புச் சைக்கிள் 20 கிலோ. பேட்டரி சைக்கிள் அதையும் தாண்டும். 'மூன்று சைக்கிள் தாங்கும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால், எந்த மூன்று என்று கேட்க வேண்டாமா? பேட்டரி சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றி காருக்குள் வைத்துவிட்டு ஏற்றுவதுதான் புத்தி.

மூன்றாம் வகை: கொக்கிக் கம்பி கேரியர்

டிரெய்லர் இழுக்கும் கொக்கியில் மாட்டுவது. சைக்கிள் தட்டு மேல் நேராக நிற்கும். காரின் பெயிண்டைத் தொடாது. மூன்றில் உறுதியானதும் இதுதான். வெளிநாட்டில் இதற்கு மவுசு அதிகம். விலையும் அதிகம்.

நம் ஊர் கார்களில் பெரும்பாலும் அந்தக் கொக்கி கிடையாது. அதனால் சிலர் வெல்டிங் பட்டறையைத் தேடிப் போகிறார்கள். பம்பரைத் தாங்கும் தகரத்தில் ஒரு கம்பியை ஒட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எடை தாங்க வேண்டியது சேஸிஸ். பம்பர் தகரம் அல்ல. நெடுஞ்சாலையில் வெல்டிங் விட்டால், இரண்டு சைக்கிளோடு இரும்புத் தட்டும் சேர்ந்து பின்னால் வருபவர் மேல்தான் விழும்.

தவிர, கார் வாங்கிய பிறகு இஷ்டத்துக்கு இரும்பைச் சேர்ப்பதைச் சட்டமும் ரசிக்கவில்லை. முன்னால் மாட்டும் 'புல் பார்' கம்பிகளுக்கு எதிராக 2017-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது நினைவிருக்கும்.

அரை சாண் ஆபத்து!

இன்னொரு கணக்கு. இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

பெரியவர் ஓட்டும் சைக்கிளின் நீளம் சுமார் 170 முதல் 180 சென்டிமீட்டர். சின்ன காரின் அகலம் 150 சென்டிமீட்டர்தான். குறுக்கே மாட்டினால் என்ன ஆகும்? பக்கத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் சக்கரம் வெளியே நீட்டும். அரை சாணுக்குக் குறையாது.

அரை சாண் தானே என்று நினைக்கலாம். சென்னையில் டூவீலர்காரர் காரை எவ்வளவு இடைவெளியில் ஒட்டிப் போகிறார் என்பதை ஒருமுறை பார்த்தால் போதும். நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரமும் ஹேண்டில்பாரும் அவர் முழங்கைக்கும் தோளுக்கும் நேர் உயரம். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சுலபமாகச் சிக்கும் இடம். காருக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு உரசியதே தெரியாது.

வழி என்ன? முன் சக்கரத்தைக் கழற்றி காருக்குள் போட்டால், சைக்கிளின் நீளம் ஒரு அடிக்கு மேல் குறையும். நீட்டல் போச்சு. இன்றைய கியர் சைக்கிள்கள் பலவற்றில் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனரே வேண்டாம். ஒரு நிமிட வேலை.

அனுமதித்த அளவை மீறி சுமை பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 'சைக்கிள் சுமையா, இல்லையா?' என்று நடுரோட்டில் இன்ஸ்பெக்டரோடு வாதாடுவதைவிட ஒரு சக்கரத்தைக் கழற்றுவது சுலபம்.

முதுகைத்தானே பார்ப்பார்கள்?

இனி நம்பர் விஷயம். இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

ஒரு வண்டி மோதிவிட்டு நிற்காமல் போகிறது. அடிபட்டவர் ரோட்டில் கிடக்கிறார். ஓடி வருகிறவர்கள் அந்த வண்டியின் முகத்தையா பார்க்கிறார்கள்? முதுகைத்தான் பார்க்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கேட்கும் முதல் கேள்வியே "நம்பர் பார்த்தீங்களா?" என்பதுதான். அதற்குப் பதில் "சைக்கிள் மறைச்சுடுச்சு சார்" என்றால் வழக்கு என்ன ஆகும்?

மோதிய வண்டி எது என்று தெரிந்தால், இறந்தவரின் வயது, சம்பாத்தியம், குடும்பம் எல்லாம் பார்த்து கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். வண்டி எது என்றே தெரியாவிட்டால்? மத்திய அரசின் திட்டப்படி, 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய். படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு மனிதனின் உயிருக்கு அது எந்த மூலைக்கு?

மறைந்து போனது ஒரு தகரப் பலகை அல்ல. ஒரு குடும்பத்தின் பிழைப்பு!

சைக்கிள் ஏற்றிச் செல்பவர்கள் மோதிவிட்டு ஓடுபவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நம்பரை மறைத்துக்கொண்டு போகலாம் என்பது வழக்கமாகிவிட்டால், நாளைக்கு அதே வழக்கத்துக்குப் பின்னால் ஒளிய வேறு ஆட்கள் வருவார்கள். செயின் பறிப்பவனுக்கு இது தெரியாதா?

சட்டம் என்ன சொல்கிறது?

முன்னாலும் பின்னாலும் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. ராத்திரியில் பின் நம்பர் பிளேட் மேல் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். சுமார் 15 மீட்டர் (50 அடி) தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். சைக்கிள் ஏற்றினால் இந்த விதி லீவு எடுத்துக்கொள்ளாது!

"நம்பர் பிளேட்டைக் கழற்றி சைக்கிள் மேல் மாட்டிக்கிட்டா போச்சு" என்பார் ஒருவர். முடியாது. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். பின் பிளேட்டைப் பூட்டியிருக்கும் ஆணியைக் கழற்றினால் உடையும். மறுபடி மாட்ட முடியாது.

"ஸ்டிக்கர் கடையில் இன்னொன்று அடிச்சுக்கிட்டா?" என்பார் இன்னொருவர். சக்கர முத்திரையும் லேசர் எண்ணும் உள்ள அசல் பிளேட்டுக்கு, ஸ்டிக்கர் கடைப் பலகை சமம் ஆகாது.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேரியர் நம்பரையும் விளக்கையும் மறைத்தால், அதே நம்பரும் விளக்குகளும் உள்ள தனிப் பலகையை சைக்கிளுக்குப் பின்னால் மாட்டியாக வேண்டும். கார் பிரேக் போட்டால் பலகையிலும் சிவப்பு விளக்கு எரியும். இதுபோல முறையாக முத்திரை போட்ட இரண்டாவது பிளேட்டை, கேரியர் வைத்திருப்பவர் கேட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மூலமாகவே வழங்க நம் அரசாங்கமும் ஏற்பாடு செய்யலாம். அபராதம் போடுவது மட்டும் தீர்வு ஆகாது. ஒழுங்காக நடக்க நினைப்பவனுக்கு ஒரு வழியும் காட்ட வேண்டும்.

50 அடி சோதனை

அதுவரை என்ன செய்வது? காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

கேரியரைக் கடையிலேயே மாட்டச் சொல்ல வேண்டும். முடிந்தால் வீட்டுச் சைக்கிளையே கொண்டுபோய் ஏற்றிப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரம்மாவோ நண்பரோ உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கட்டும். இண்டிகேட்டர் இரண்டையும் போடட்டும். வாங்குபவர் 50 அடி பின்னால் போய் நிற்கட்டும்.

சிவப்பு விளக்கு இரண்டும் தெரிகிறதா? இடது, வலது இண்டிகேட்டர் தெரிகிறதா? நம்பரின் கடைசி நான்கு எண்ணையும் படிக்க முடிகிறதா? பக்கத்தில் சக்கரம் நீட்டாமல் இருக்கிறதா?

நான்குக்கும் 'ஆமாம்' என்றால் பணத்தைக் கொடுக்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வேறு மாடல் பார்க்க வேண்டும். பெயிண்ட், விலை, பிராண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னும் சில விஷயங்கள் உண்டு. டயர் சைலன்சருக்கு நேராகத் தொங்கக் கூடாது. சூட்டில் டயர் உருகும், டியூப் வெடிக்கும். நடுக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளை மாட்ட தனியாக ஒரு குறுக்குக் கம்பி வேண்டும். சைக்கிளைக் கேரியரோடும், கேரியரைக் காரோடும் ஒரு தனிக் கயிறு போட்டுக் கட்டினால், பெல்ட் விட்டாலும் சைக்கிள் ரோட்டுக்கு வராது. ரிவர்ஸ் கேமராவில் சைக்கிள்தான் தெரியும் என்பதால், பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் கேரியரைக் கழற்றி வைக்க வேண்டும். வாரம் முழுக்கக் காலிக் கம்பியை நீட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவது யாருக்கும் நல்லதல்ல.

ஒரே ஒரு சைக்கிள் என்றால் கேரியரே வேண்டாம். முன் சக்கரத்தைக் கழற்றி, பின் சீட்டை மடித்து, பழைய போர்வை ஒன்றை விரித்து உள்ளேயே படுக்க வைத்துவிடலாம். செலவு பூஜ்யம். விளக்கும் மறையாது, நம்பரும் மறையாது.

யார் என்ன செய்ய வேண்டும்?

கடைக்காரர்கள் ஜாக்கிரதையாகச் சொல்லி விற்க வேண்டும். 'எந்த வண்டிக்குச் சரி, எந்த வண்டிக்கு நம்பர் மறையும்' என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டினால், வியாபாரம் கெடாது. நம்பிக்கைதான் கூடும்.

போக்குவரத்து போலீசார் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் சாலையில் ஒரு மணி நேரம் நிற்கலாம். முதல் தடவை புத்தி சொல்லி, கட்டை அவிழ்த்து சரியாகக் கட்ட வைத்து அனுப்பலாம். இரண்டாம் தடவை சிட்டை கிழிக்கலாம்.

கார்காரர்கள்? அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். புறப்படும் முன் காரை விட்டு இறங்கி, பின்னால் நடந்து, 50 அடி தள்ளி ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடம் அவர்கள் நிற்கிற இடத்தில்தான், ராத்திரி டூட்டி முடிந்து வரும் வாட்ச்மேன் தினமும் வந்துகொண்டிருக்கிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.